சுருக்கம் நீக்கும் பேட்ச்: பாதுகாப்பையும் பயனையும் நீங்களே சோதிக்கும் முறை

இரவில் நெற்றியில் ஒட்டிய சிலிக்கோன் பேட்சைக் காலையில் ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தெடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், முந்தைய நாள் இருந்த கோடுகள் பாதி மறைந்திருப்பதைப் பலரும் காண்பார்கள். அது கண்ணின் மயக்கமன்று. அந்த நேரத்தில் தோல் உண்மையாகவே வழவழப்பாகத்தான் இருக்கும். காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரியை இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் அடியில் இருக்கும் தோல் வெளுத்து, ஊறி, சற்று உப்பியிருக்குமே, அதே செயல்தான் இங்கும் நடக்கிறது: மூடிய இடத்திலிருந்து நீர் ஆவியாகிப் போக வழியில்லாததால், தோலின் மேலடுக்கு அந்த நீரை உறிஞ்சிப் பருத்து, மெல்லிய கோடுகளை உள்ளிருந்து நிரப்பிவிடுகிறது. காற்றுப் பட்டதும் அந்த நீர் வெளியேறுகிறது. சில மணி நேரத்தில் கோடுகள் திரும்பி வருகின்றன. ஆகவே பேட்சை எடுத்த மறு நிமிடம் தெரியும் முகத்தை வைத்து அதன் பயனை எடைபோடக் கூடாது. பேட்சின் கை படாத நேரத்தில் தோல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே சோதனை. கீழே சொல்லப்படும் முறை முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்துள்ளது.

கையில் இருப்பது எந்த வகை?

சோதிப்பதற்கு முன் எந்த வகைப் பேட்ச் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு வகைக்கும் எதிர்பார்க்கத்தக்க பயனும் அஞ்சத்தக்க தீங்கும் வேறு. வெறும் சிலிக்கோன் பேட்சில் மருந்துப் பொருள் எதுவும் இருக்காது. அது தோலை மூடி ஈரத்தைத் தேக்குகிறது, தூக்கத்தில் தோல் மடங்காமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. ஜெல் பேட்ச் என்பது நீரைத் தாங்கிய வழுவழுப்பான தகடு. அதில் கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம், நியாசினமைடு, பெப்டைடுகள் எனப்படும் சிறு புரதத் துண்டுகள் போன்றவை கலந்திருக்கும். நெற்றித் தசை அசையாமல் இழுத்துப் பிடிக்கும் காகித ஒட்டு ஒரு வகை. நுண்ணூசிப் பேட்ச் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள, கரையக்கூடிய ஊசிகள் அதில் வரிசையாக நிற்கும், அவை தோலின் மேலடுக்கைத் துளைத்து உள்ளே போய்க் கரைகின்றன.

துளைப்பது ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்ட பாதி வாக்கியங்களை நீங்களே மதிப்பிட்டுவிடலாம். தோலின் மிக மேலே இருக்கும் இறந்த அணுக்களின் அடுக்கு முகத்தில் ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்) தடிமன் மட்டுமே கொண்டது. ஆனால் காவல் காப்பதில் கெட்டி. மூலக்கூறு எடை 500 டால்டனைத் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு) தாண்டிய பொருள்கள் அந்த அடுக்கை எளிதில் கடப்பதில்லை என்ற நடைமுறை விதியை போஸ், மைனார்டி என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் முன்வைத்தார்கள். நியாசினமைடின் எடை 122, வைட்டமின் ஏ வகைப் பொருளான ரெட்டினாலின் எடை 286. இவை உள்ளே போகும். சுருக்கத்துக்கென்று பெரிதும் விற்கப்படும் அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-8 ஏறத்தாழ 889, அதற்குக் கடினம். தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதமான கொலாஜனின் எடை இலட்சக்கணக்கில். ஆகவே மேலே ஒட்டிய கொலாஜன் தோலின் கொலாஜனாக மாறிவிடும் என்று எழுதியிருந்தால் அதைப் படித்துச் சிரித்துவிட்டு நகரலாம். கொலாஜன் அங்கே ஈரம் காக்கும் பொருளாக வேலை செய்கிறது, அதைத் தவறென்று சொல்ல முடியாது.

முதலில் பாதுகாப்பு

பயன் இருக்கிறதா என்று பார்க்க எட்டு வாரம் ஆகும்; தீங்கு இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஆகவே பாதுகாப்புச் சோதனையை முடிக்காமல் முகத்தில் ஒட்டவே கூடாது.

இந்தச் சோதனையிலேயே இறங்கக் கூடாதவர்கள் சிலர் உண்டு. முகத்தில் கரப்பான், ரோசேசியா (முகம் சிவந்தே இருக்கும் தோல் நோய்), வாயோரக் கொப்புளம், சீழ்ப் பரு ஆகியவை இருப்பவர்களும், அண்மையில் லேசர் அல்லது தோலை உரிக்கும் பீலிங் சிகிச்சை எடுத்தவர்களும், கடும் பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்களும் தங்கள் தோல் மருத்துவரிடம் கேட்காமல் எந்தப் பேட்சையும் தொட வேண்டாம். காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் இயல்புள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் நுண்ணூசிப் பேட்சைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் ரெட்டினால் உள்ள பேட்சை விலக்குவதே முறை.

அடுத்து, சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். பேட்ச் விஷயத்தில் பலர் மருந்துப் பொருளை மட்டும் பார்த்துவிட்டுப் பசையைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாகும் பொருள்கள் பசையிலும் வாசனையிலும் கெடாமல் காக்கும் இரசாயனத்திலும்தான் ஒளிந்திருக்கும். அக்ரிலேட் வகைப் பசைகள் பேர்போனவை: உடலில் ஒட்டும் சர்க்கரை அளவீட்டுக் கருவிகளால் பலருக்கு ஏற்பட்ட தோல் அழற்சிக்கு ஐசோபார்னைல் அக்ரிலேட் என்ற பொருளே காரணம் என்று 2017-இல் கண்டறியப்பட்டது. பைன் மரப் பிசினிலிருந்து வரும் கொலோஃபோனி, கெடாமல் காக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. சாதாரண பிளாஸ்திரி ஒட்டினாலே உங்களுக்கு அரித்துத் தடித்தது உண்டென்றால், அந்த ஒரு நினைவே பட்டியலைவிடப் பெரிய எச்சரிக்கை.

பட்டியலில் ஐயம் எதுவும் இல்லையென்றால் முன்கையில் சோதிக்கலாம். ஒவ்வாமைக்கான ஒட்டுச் சோதனையை ஜோசப் யாடாஸோன் என்ற தோல் மருத்துவர் 1895-இல் அறிமுகப்படுத்தினார். இன்றும் மருத்துவமனைகளில் ஐயத்துக்குரிய பொருளை முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைத்து, எடுத்த பிறகு ஒரு முறையும், மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடியும் பார்க்கிறார்கள். வீட்டில் அதன் எளிய வடிவத்தைச் செய்யலாம். பேட்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டை வெட்டி, முழங்கை மடிப்புக்குக் கீழே உட்புறக் கையில் ஒட்டுங்கள். நான்கு மூலைகளிலும் பேனாவால் புள்ளி வைத்துவிடுங்கள். நாளை எடுத்த பிறகு ஒட்டிய இடம் எது என்றே மறந்துபோகும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒட்டாத இடம் ஒன்றையும் அதே அளவில் குறித்துக்கொள்ளுங்கள், ஒப்பிட அது வேண்டும். பெட்டியில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை மணி நேரம் மட்டும் வைத்து எடுத்து, அரை மணி கழித்தும், 24, 48, 72, 96 மணி நேரங்களிலும் பாருங்கள்.

ஒரே ஒரு முறை ஒட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டுவதே இந்தச் சோதனையில் நடக்கும் பெரிய தவறு. ஒரு பொருளுக்கு உடல் ஏற்கெனவே பழகி எதிர்ப்பை வளர்த்திருந்தால்தான் இரண்டு முதல் நான்கு நாளில் ஒவ்வாமை வெளிப்படும். புதிதாகச் சந்திக்கும் பொருளாக இருந்தால் அந்த எதிர்ப்பு உருவாகவே பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். எனவே அதே இடத்தில் பெட்டியில் சொன்ன இடைவெளியில் இரண்டு வாரம் திரும்பத் திரும்ப ஒட்டுங்கள். நிறுவனங்கள் தன்னார்வலர்களை வைத்து நடத்தும் தொடர் ஒட்டுச் சோதனையும் இதே தருக்கத்தில் அமைந்ததுதான்: மூன்று வாரத்தில் ஒன்பது முறை ஒட்டி, ஏறத்தாழ இரண்டு வாரம் ஓய்வு விட்டு, பிறகு புதிய இடத்தில் ஒரு முறை ஒட்டிப் பார்ப்பார்கள். சோதிக்கும் இடத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ, அந்த இடம் வெயிலில் கன்றியிருந்தாலோ எதிர்வினை அமுங்கிவிடும். அப்போது கிடைக்கும் நல்ல முடிவுக்கு மதிப்பில்லை. அதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சோதனையைத் தள்ளிப் போடுங்கள்.

தெரிவது எரிச்சலா ஒவ்வாமையா என்று பிரித்தறிய வேண்டும். எரிச்சல் பெரும்பாலும் காந்தும். பேட்சின் விளிம்புக்குள்ளேயே நிற்கும். எடுத்த பிறகு மணிக்கு மணி தணிந்துகொண்டே போகும். ஒவ்வாமை அரிக்கும், விளிம்பைத் தாண்டிப் பரவும், எடுத்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் ஏறிக்கொண்டே போகும், சிறு சிறு நீர்க் கொப்புளங்கள் கிளம்பலாம். முன்னது என்றால் நேரத்தைக் குறைத்து இன்னொரு முறை முயலலாம். பின்னது என்றால் அந்தப் பேட்சோடு உங்கள் உறவு முடிந்தது. சிறிதாக ஒட்டினால் போகுமோ என்று ஆசைப்பட வேண்டாம், ஏனெனில் எதிர்ப்பு ஒரு முறை உருவாகிவிட்டால் அது பொதுவாகப் போவதில்லை.

சோதனைக் குறிப்புகளில் எல்லாம் ‘சிவந்திருக்கிறதா பாருங்கள்’ என்று எழுதியிருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் கையையும் பயன்படுத்துங்கள்: கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ஒட்டிய இடத்தையும் ஒட்டாத இடத்தையும் மாறி மாறித் தடவினால், சூடும் தடிப்பும் சொரசொரப்பும் தெரிந்துவிடும். நிறம் ஒரு சாயல் கருத்திருந்தாலும் அதைச் சிவப்புக்கு நிகராகவே எழுதிக்கொள்ளுங்கள். இந்த நிறமுள்ள தோலில் அழற்சி தணிந்த பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். ஒரு மெல்லிய கோட்டைப் போக்கப் போய் ஒரு திட்டை வாங்கிக்கொள்வது நல்ல வியாபாரமல்ல.

கையில் தேறிய பேட்சைத் தாடை எலும்புக்குக் கீழே மூன்று நாள் ஒட்டிப் பார்த்து, பிறகு முகத்துக்கு வாருங்கள். கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு வளையத்தின் உட்புறம் எந்தப் பேட்சும் வேண்டாம். நுண்ணூசிப் பேட்சை ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் தொடக் கூடாது. அதே நபரும் மறுமுறை ஒட்டக் கூடாது. பொதி கிழிந்திருந்தால் குப்பைக்குத்தான். நுண்ணூசிப் பேட்சின் அடியில் சில மணி நேரம் சிவந்திருப்பது இயல்பு. ஒரு நாளைக் கடந்தும் நின்றால், அல்லது வலித்துச் சூடாக வீங்கினால், மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது மீதமுள்ள பேட்சையும் தொகுதி எண் உள்ள பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்; அந்தப் பேட்சின் துண்டையே முதுகில் ஒட்டி அவர் சோதிக்க முடியும்.

இன்னொரு தீங்கு மெதுவாக வருவது. ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் மேலடுக்கின் சில அணுக்கள் பசையோடு வந்துவிடுகின்றன. தினமும் உரித்தால் காவல் மெலிகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: நீங்கள் வழக்கமாகப் பூசும் மாய்ஸ்சரைசரை முகத்தின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தடவுங்கள். பேட்ச் ஒட்டும் பக்கத்தில் மட்டும் சுருக்கென்று காந்தினால் தோல் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வாரம் நிறுத்திவிடுங்கள். ரெட்டினால், அமில வகைக் கிரீம்கள் ஆகியவற்றைப் பூசி அதன் மேல் பேட்சை ஒட்டவே வேண்டாம். மூடிய தோலில் அவை வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிப் புண்ணாக்கும்.

பயனைச் சோதிப்பது

உங்கள் முகத்திலேயே ஒப்பிடுவதற்கான எதிரணி இருக்கிறது: மற்றப் பக்கம். ஒரு கண்ணோரத்தில் பேட்சும் மறு கண்ணோரத்தில் ஒன்றும் இல்லாமலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விட்டுவிட்டால், வெயில், தூக்கம், பருவம், உடல் நலம் ஆகிய எல்லாம் இரண்டு பக்கத்தையும் ஏறத்தாழச் சமமாகத் தொடும். மிஞ்சும் வேறுபாடு பேட்சின் கணக்கில் சேரும். எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் கோடு அதிகமுள்ள பக்கத்தையே தேர்வீர்கள். ஒருக்களித்துப் படுக்கும் பழக்கமும் வாகனத்தின் சன்னல் பக்கம் உட்காரும் பழக்கமும் இருந்தால் அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, சோதனை முடியும்வரை மாற்றாமல் இருங்கள். வெயில் காப்புக் கிரீமை இரு பக்கமும் ஒரே அளவில் பூசுங்கள். புதிய கிரீம் எதையும் இந்தக் காலத்தில் தொடங்காதீர்கள்.

எட்டு வாரம் ஏன் என்றால், மேல்தோல் முழுதாகப் புதுப்பிக்கப்படவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்; அதற்கு அடியிலுள்ள கொலாஜன் அடுக்கில் மாற்றம் வர இன்னும் அதிகம். சுருக்கத்துக்கு நன்றாக நிறுவப்பட்ட ட்ரெட்டினோயின் மருந்தே கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தர மூன்று மாதம், ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறது. ஒரே இரவில் நிகழ்ந்தது எதுவாக இருந்தாலும் அது நீரின் வேலை.

படம் எடுப்பதில்தான் பெரும்பாலான வீட்டுச் சோதனைகள் கெடுகின்றன. என்னுடையதும் அப்படியே கெட்டது. நான் முதன்முதலில் நெற்றிப் பேட்ச் ஒன்றைச் சோதித்தபோது ஆறாவது வாரத்தில் முன்னேற்றம் அருமையாகத் தெரிந்தது. பேட்சே ஒட்டாத பக்கத்திலும் அதே அருமை தெரிந்தபோதுதான், இடையில் அறையின் விளக்கை மாற்றியது நினைவுக்கு வந்தது. சுருக்கம் என்பது படத்தில் ஒரு நிழல். விளக்கு முகத்துக்கு நேரே இருந்தால் நிழல் இல்லை, கோடும் இல்லை. பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விழுந்தால் மயிரிழைக் கோடும் பள்ளமாகத் தெரியும். பேட்ச் விற்கும் படங்களில் ‘முன்’ என்பதற்குப் பக்கவாட்டு ஒளியும் ‘பின்’ என்பதற்கு நேரொளியும் இருக்கிறதா என்று மூக்கின் நிழலைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே திரையை இழுத்து மூடிய அறையில், ஒரே விளக்கை, ஒரே இடத்தில், முகத்துக்குப் பக்கவாட்டில் சாய்வாக வைத்து, மறு கன்னத்துக்கு விளக்கை மறுபக்கம் அதே தூரத்தில் மாற்றிப் படமெடுங்கள். கைபேசியை ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளித் தாங்கியில் நிறுத்தி, சூம் செய்து எடுக்க வேண்டும். அருகில் வைத்தால் முகம் உருக்குலையும். அழகூட்டும் வசதி, உருவப்பட (போர்ட்ரெய்ட்) முறை இரண்டையும் அணைத்துவிட்டு, ஒளியளவைத் திரையில் அழுத்திப் பூட்டுங்கள். அடுக்கிய புத்தகங்களின் மேல் முகவாயை ஊன்றினால் தலை ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் நிற்கும். கன்னத்தோரம் ஒரு வெள்ளைத் தாள் துண்டு படத்தில் விழும்படி பார்த்துக்கொண்டால், ஒளி மாறியிருந்தால் தாள் காட்டிக்கொடுக்கும். முகத்தை வெறும் நீரில் கழுவி, எதுவும் பூசாமல், இருபது முப்பது நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே எடுங்கள். ஆய்வுக்கூடங்களிலும் அளப்பதற்கு முன் தன்னார்வலர்களை நிலையான வெப்பமும் ஈரப்பதமும் உள்ள அறையில் இவ்வாறே உட்கார வைப்பார்கள். முகத்தைத் தளர்த்தி ஒரு படம், முழுதாகச் சிரித்து ஒரு படம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம்: கடைசியாகப் பேட்சை எடுத்து 24 மணி நேரமாவது கடந்திருக்க வேண்டும். அன்று இரவு ஒட்டுவதை விட்டுவிடுங்கள். விளிம்புத் தடமோ சிவப்போ மறையாமல் இருந்தால் அந்தப் படம் செல்லாது, ஏனெனில் எந்தப் பக்கம் பேட்ச் என்பதை அது சொல்லிவிடும்.

தொடங்குவதற்கு முன் இரண்டு வாரத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் படமும், பேட்ச் ஒட்டும் காலத்தின் கடைசி மூன்று வாரங்களில் பத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘முன்’ ஒன்றும் ‘பின்’ ஒன்றுமாகப் பத்து இணைகள் கிடைக்கும். ஆக இருபது இணைகள். சோதனையில் பங்கில்லாத ஒருவரிடம் கொடுத்து, தேதியை நீக்கி, எண் மட்டும் இட்டு, ஒவ்வொரு இணையிலும் இடம் வலமாகக் கலைத்துத் தரச் சொல்லுங்கள். மூன்றாவது நபர் ஒருவரை உட்கார வைத்து ஒவ்வொரு இணையிலும் ‘எதில் கோடு குறைவு’ என்று மட்டும் கேளுங்கள். பேட்சைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். நீங்கள் தீர்ப்பாளராக இருக்கவே கூடாது. காசு கொடுத்து வாங்கியவரின் கண் காசுக்காக வாதாடும்.

கணக்கு எளிது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டினால்கூடப் பத்தில் ஐந்து ‘பின்’ படத்தின் பக்கம் விழும். பத்தில் எட்டோ அதற்கு மேலோ தற்செயலாக விழ ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு வாய்ப்பு. ஒன்பதோ பத்தோ விழ ஏறத்தாழத் தொண்ணூற்று மூன்றில் ஒரு வாய்ப்பு. பேட்ச் ஒட்டிய பக்கத்தில் ஒன்பதும் ஒட்டாத பக்கத்தில் ஐந்தாறும் கிடைத்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்பது என்றால் மாறியது விளக்கு அல்லது பருவம். ஒட்டிய பக்கத்தில் ஏழு என்றால் எதுவும் நிரூபணமாகவில்லை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

இந்தச் சோதனையை இன்னும் கூர்மையாக்க விரும்பினால், மறுபக்கத்தை வெறுமையாக விடாமல், தழும்புக்கு ஒட்டும் வெறும் சிலிக்கோன் தகட்டை அதே அளவில் வெட்டி ஒட்டுங்கள். அப்போது கேள்வி மாறிவிடுகிறது: மூடுவதால் வரும் பயன் இரண்டு பக்கத்துக்கும் பொது, பேட்சில் உள்ள பெப்டைடோ அமிலமோ அதற்கு மேல் எதையாவது சேர்க்கிறதா? நிறுவனங்களின் அறிக்கையைப் படிக்கும்போதும் இதையே முதலில் தேடுங்கள். மருந்துள்ள பேட்சை மருந்தில்லாத அதே பேட்சோடு ஒப்பிட்டார்களா, அல்லது பேட்சைத் தொடக்க நாளின் முகத்தோடு மட்டும் ஒப்பிட்டார்களா? அளந்தது எடுத்த எத்தனை நிமிடத்தில்? தோலின் மேடுபள்ளத்தை ஒளிக்கற்றையால் மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்கும் கருவிகள் உண்டு. அவை பொய் சொல்வதில்லை, ஆனால் எடுத்த பத்தாவது நிமிடத்தில் அளந்தால் அவை நீரைத்தான் அளக்கின்றன. ‘பயன்படுத்தியவர்களில் இத்தனை விழுக்காட்டினர் மாற்றத்தை உணர்ந்தார்கள்’ என்ற வரி கருத்துக் கேட்பு மட்டுமே. ‘தோல் மருத்துவர் சோதித்தது’ என்பதும் எதைச் சோதித்தார், என்ன கண்டார் என்பதைச் சொல்வதில்லை.

முடிவு நன்றாக வந்தவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி உண்டு. பேட்சை நிறுத்திவிட்டு, நான்கு வாரம் கழித்து அதே விளக்கில், அதே முறையில் இன்னும் பத்துப் படம் எடுத்து, தொடக்கப் படங்களோடு இணைத்துப் பழைய தீர்ப்பாளரிடமே காட்டுங்கள். வேறுபாடு அப்படியே நின்றால் தோலின் உள்ளே மாற்றம் நடந்திருக்க வாய்ப்புண்டு. ஐந்துக்கு ஐந்து என்று சரிந்துவிட்டால், ஒட்டிக்கொண்டிருக்கும்வரை மட்டுமே வேலை செய்யும் பொருள் அது என்று வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு விசேஷ நாளின் முந்தைய இரவுக்கு மட்டும் எடுத்து வைக்கலாம்.